வெடிப்பில் நிற்கும் மணலும் நெஞ்சில் நிற்கும் தூசியும்

2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடிய நாட்களில் இங்கே மும்பையிலும் நாம் கூடிப் பேசினோம். பூமிக்கடியில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்க வருவார்கள், நிலத்தடி நீர் கெடும், வயல் பாழாகும் என்று பேசினோம். பேசியது சரிதான். 2020இல் காவிரிப் படுகைப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டமும் வந்தது. ஆனால் ஒரு கேள்வியை அன்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. பிளந்த பாறை மறுபடி மூடிக்கொள்ளாமல் நிற்பது எதனாலே?

மணலாலே, தோழர்களே! தண்ணீரையும் ரசாயனத்தையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும்போது கூடவே மணலையும் செலுத்துகிறார்கள். தண்ணீரில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். மணல் வெடிப்புக்குள்ளே முட்டுக் கொடுத்து நின்றுகொள்ளும். அந்த இடுக்கு வழியாகத்தான் எண்ணெயும் வாயுவும் வருகின்றன. எல்லா மணலும் இதற்கு உதவாது. உருண்டையாக, அழுத்தத்தில் நொறுங்காததாக, சுத்தமான குவார்ட்ஸாக இருக்கவேண்டும். நம் ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, அந்தச் சாதிதான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்குப் பக்கத்துக் குன்றுகளுக்குள்ளே இந்த மணல் சுமார் ஐம்பது கோடி ஆண்டுகளாகப் படிந்து கிடந்தது. பால்மாட்டுப் பண்ணைகளின் பூமி அது. 2008க்குப் பிறகு எண்ணெய்க் கம்பெனிகளின் பசி கிளம்பியதும் குன்றுகளின் மேல்மண்ணைச் சீவி, வெடி வைத்துத் தகர்த்து, கழுவி, உலர்த்தி அனுப்பத் தொடங்கினார்கள். சுரங்கம், ஆலை, ரயிலில் ஏற்றுமிடம் எல்லாம் சேர்த்து நூற்றைத் தாண்டின. நூறு வேகனுக்கு மேல் கோத்த ரயில்கள் டெக்சஸுக்கும் வட டகோட்டாவுக்கும் ஓடின. இன்றைய பெரிய கிணறு ஒன்றே அப்படியொரு ரயில் மணலை விழுங்கிவிடும். ரேக் கணக்கு எழுதியே தலை நரைத்த நமக்கு அந்த அளவு புரியும். ஒரு ரேக் என்றால் குன்றின் ஒரு துண்டு.

பிறகு என்ன ஆயிற்று? 2017, 2018 வாக்கில் டெக்சஸிலேயே எண்ணெய் வயலுக்குப் பக்கத்தில் மணல் தோண்டினார்கள். தரம் கொஞ்சம் மட்டம்தான். ஆனால் ரயில் சத்தம் மிச்சமல்லவா? முதலாளிக்கு அது போதும். 2019இலும் 2020இலும் பெரிய மணல் கம்பெனிகள் திவால் மனுக் கொடுத்தன. தோண்டிய இடத்தைச் சீர்செய்து புல் வளர்க்கச் சட்டம் இருக்கிறது. புல் வளரும். குன்றுக்கு எங்கே போவது?

மணல் கழுவிய சேறு நிற்கும் குளங்கள் வேறு. 2018 மே மாதம் டிரெம்பலோ மாவட்டத்தில் புல்டோசர் ஓட்டிய தொழிலாளி ஒருவர் வண்டியோடு அப்படியொரு குளத்துக்குள் போய்விட்டார். அவரை மீட்கக் கரையை உடைத்துவிட வேண்டியதாயிற்று. சுமார் 1 கோடி காலன் சேற்று நீர் ஓடையில் பாய்ந்து ஆற்றுக்குப் போயிற்று. ஆள் பிழைத்தார். கரையை உடைத்தவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. உயிரா ஆறா என்ற நிலைக்குத் தொழிலாளியைக் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்பதே நம் கேள்வி.

பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் வினோனா மாவட்டத்தார் 2016இல் இந்த மணலைத் தோண்டவே தடை போட்டார்கள். வீடுகட்டும் மணலுக்குத் தடையில்லை. கம்பெனி வழக்குப் போட்டது. 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

இனி தூசிக்கு வருவோம். குவார்ட்ஸ் பொடியாகும்போது கண்ணுக்குத் தெரியாத தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்குக் குணமில்லை. எண்ணெய்க் கிணற்றடிகளில் 11 இடங்களில் எடுத்த 116 காற்று மாதிரிகளில் ஏறக்குறையப் பாதி சட்ட வரம்பைத் தாண்டியிருந்தன என்று 2012இல் அமெரிக்க அரசுத் துறைகளே எச்சரித்தன. 2016இல் வரம்பைக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று இறுக்கினார்கள்.

இந்தத் தூசி நமக்கு அந்நியமல்ல. மும்பையிலிருந்து டெல்லி போகும் பாதையில்தான் கோத்ரா இருக்கிறது. அங்கே குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்து ஜாபுவா, அலிராஜ்பூர் ஆதிவாசிகள் கூலிக்குப் போனார்கள். நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். ஊருக்குத் திரும்பி இருமியே செத்தார்கள். இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. அங்கே வேலை செய்தோம் என்று காட்ட அவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாததுதான் பெரிய இடைஞ்சலாயிருந்தது.

நம் குடியிருப்பில் கல் அறுப்பவர்களும் டைல்ஸ் வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்த இடம், மேஸ்திரி பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வந்தால் நாமே எழுதித் தருகிறோம். மார்பு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.