வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால்?

சில்லு என்றாலே பேச்சு என்விடியா, டிஎஸ்எம்சி பக்கம் போய்விடுகிறது. ஆனால் கடுமையான விலைச்சண்டை நடப்பது அங்கே இல்லை. தொலைக்காட்சித் திரை, கார், சலவை இயந்திரம் என்று அன்றாடப் பொருள்களுக்குள் இருக்கும் சாதாரணச் சில்லுகளில்தான் நடக்கிறது. பெரும்பாலும் 28 நானோமீட்டர், அதற்கும் முந்தைய தொழில்நுட்பம். இரண்டாம் வரிசை நிறுவனங்களின் பிழைப்பே இதில்தான்.

தைவானின் பவர்ச்சிப் நிறுவனத்தைப் பாருங்கள். 2015ல் சீனாவின் ஹெஃபெய் நகர அரசுடன் சேர்ந்து நெக்ஸ்சிப் என்ற நிறுவனத்தை உருவாக்கியது. சீனச் சந்தையில் காலூன்றலாம் என்பது கணக்கு. பத்தே ஆண்டில் கணக்கு தலைகீழானது. திரையை இயக்கும் சில்லுகளில் நெக்ஸ்சிப் வேகமாக வளர்ந்தது. சீன நிறுவனங்களின் விலைக்குறைப்பைத் தாங்க முடியாமல் அந்தத் தொழிலிலிருந்து பின்வாங்க வேண்டியதாயிற்று என்று பவர்ச்சிப் தலைவர் ஃபிராங்க் ஹுவாங் 2025ல் வெளிப்படையாகவே சொன்னார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதான்.

புதியவர் ஒருவர் வந்ததும் ஏன் இத்தனை அடி? சில்லு ஆலையில் செலவில் பெரும்பகுதி இயந்திரங்களுக்கே போகிறது. ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆலை இரவும் பகலும் ஓடியாக வேண்டும். பாதி ஆலை சும்மா கிடந்தால் மீதிப் பாதி அந்தச் செலவையும் சுமக்க வேண்டும். அரசுப் பணத்தோடு வருபவருக்கு உடனே லாபம் காட்டும் அவசரம் இல்லை. சிறிய நிறுவனம் விலையைக் குறைத்தால் நட்டம், குறைக்காவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார்.

விலை குறைஞ்சா நமக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். இன்றைக்கு நல்லதுதான். ஆனால் போட்டியாளர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிய பிறகு விலையை யார் முடிவு செய்வார்? 2021ல் சின்னச் சின்னச் சில்லுகள் கிடைக்காமல் உலகமெங்கும் கார் ஆலைகள் நின்றதை அதற்குள் மறந்துவிட்டோமா?

இது தைவானின் கவலை மட்டுமல்ல. சிங்கப்பூரில் குளோபல்ஃபவுண்டரீஸ், யுஎம்சி ஆகியவற்றின் ஆலைகளும் இதே வரிசையில்தான் நிற்கின்றன. இரண்டுமே 2018ல் அதிநவீனச் சில்லுப் பந்தயத்திலிருந்து விலகியவை. இந்தத் துறையை நம்பி நம் குடும்பங்களும் பல இருக்கின்றன.

தடைகளும் வரிகளும் ஓரளவுக்குத்தான் உதவும். அமெரிக்கா 2025 தொடக்கத்தில் சீனச் சில்லுகளுக்கான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. ஆனால் சீனாவுக்குள் நடக்கும் விலைச்சண்டையை அந்த வரி தொடாது. மானியம் தருவது சீனா மட்டும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவும் இந்தியாவும் தருகின்றன.

மெய்யான பாதுகாப்பு வாடிக்கையாளரிடம்தான் இருக்கிறது. தெம்பனிஸில் 7.8 பில்லியன் அமெரிக்க டாலர் செலவில் எழும் விஎஸ்எம்சி ஆலையில் தைவானின் வேன்கார்டுடன் பங்குதாரராக இருப்பது, சில்லுகளை வாங்கப்போகும் என்எக்ஸ்பி நிறுவனமே. வாங்குபவரே முதலும் போட்டிருப்பதால், நாளைக்கே பத்துக் காசு மலிவு என்று வேறு கடைக்கு ஓடமாட்டார். அதோடு, காரில் பொருத்தும் சில்லு நீண்ட சோதனைகளைத் தாண்டியே வருகிறது. அதைச் சட்டென்று மாற்றவும் முடியாது.

அரசுகள் ஆலை கட்டப் பணம் தருவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வாங்க உறுதி தந்தவர் யார், எத்தனை ஆண்டுக்கு என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் கட்டும் ஆலை, அடுத்த விலைச்சண்டையில் முதல் பலியாகும்.