இணைய வெண்பலகையும் கூட்டுழைப்பும்

பலர் கூடி ஒரு செயலை எண்ணித் துணிவதற்குப் பொதுவானதோர் இடம் வேண்டும். ஊருக்கு மன்றம் போல, வகுப்பறைக்குக் கரும்பலகை அவ்விடமாக அமைந்தது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று மக்களை வீட்டிற்குள் முடக்கியபோது, அவ்விடத்தை இணைய வெண்பலகை பெற்றது. 2011-இல் தோன்றி 2019-இல் மிரோ எனப் பெயர் மாறிய மென்பொருளும், அதே 2011-இல் அர்ஜென்டினாவில் தோன்றிய மியூரலும் இவ்வகையின.

இதன் இயல்பு எளிது. வெவ்வேறு ஊரினர் ஒரே பலகையைத் தத்தம் திரையில் காண்கின்றனர். வண்ண ஒட்டுத்தாள் போன்ற சதுரங்களில் கருத்துகளை எழுதுகின்றனர், நகர்த்தி இனம் பிரிக்கின்றனர், அம்புக்குறியிட்டு இணைக்கின்றனர். ஒருவர் எழுதும்போதே மற்றவர் காண்கிறார்.

இதன் தலையாய நன்மை யாது? நேர்க்கூட்டத்தில் மூத்தவர் பேசியபின் இளையவர் வாய் திறப்பது அரிது. உரக்கப் பேசுவோர் கருத்தே முடிவாகிவிடுகிறது. பலகையிலோ அனைவரும் ஒருசேர எழுதுவதால், கூச்சமுடைய மாணவியின் கருத்தும் துறைத்தலைவரின் கருத்தும் ஒரே அளவுச் சதுரத்தில் அருகருகே நிற்கின்றன. சொன்னவர் யார் என்பது பின்செல்ல, சொல்லப்பட்டது யாது என்பதே முன்நிற்கிறது. கல்விக்கூடத்திற்கு இதனினும் வேண்டுவது வேறில்லை.

எனினும் குறைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைப்பேசியின் சிறுதிரையில் பரந்த பலகையைக் கையாளுதல் கடினம். கணினி இல்லாத மாணவர், சமமாக அழைக்கப்பட்டும் சமமாகப் பங்கேற்க இயலாதவராகிறார். மேலும், ஒட்டிய தாள்களின் எண்ணிக்கை உழைப்பின் அளவாகாது. நூறு கருத்துகள் குவிந்தும், எதனை யார் செய்வது என்று துணியாமற் கலையும் கூட்டங்கள் பல.

இவற்றினும் பெரிய கவலை ஒன்றுண்டு. பலகை நம்முடையதன்று. பள்ளிகளில் பரவலாக வழங்கிய ஜேம்போர்டு சேவையைக் கூகுள் நிறுவனம் 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. அதனை நம்பியிருந்தோர் தம் பலகைகளை வேறிடத்திற்குப் பெயர்த்துக்கொள்ள நேர்ந்தது. இரவல் நிலத்தில் எழுப்பிய வீட்டிற்கு உறுதி ஏது?

1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். உலகெங்கும் சிதறியிருந்த தமிழார்வலர்கள் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் ஏற்றினர். அன்று இத்தகைய பலகைகள் பரவலாக இல்லை. பணிப்பகுப்பும் பொறுப்புணர்வுமே அவர்களை இணைத்தன. அவர்தம் உழைப்பின் பயனை இன்றும் நாம் படிக்கிறோம்.

ஆகவே, இணைய வெண்பலகையை ஒதுக்கவும் வேண்டா. அதனிடம் மயங்கவும் வேண்டா. கூட்டத்தின் முதற் பத்து நிமிடம் அனைவரும் பேசாது எழுதட்டும். முடிவில் ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பாளரும் நாளும் குறிக்கப்படட்டும். பலகையின் படி ஒன்று அன்றே துறைக் கோப்பில் சேரட்டும். கணினி இல்லாதவர் கருத்தைத் தோழர் ஒருவர் கேட்டு எழுதட்டும். கருவி எதுவாயினும், கூடி உழைக்கும் மனமே செயலை முடிக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.