தோற்ற அணிக்கும் அடுத்த வாரம் ஆட்டம் வேண்டும்

கோடை பிறந்ததும் போடிநாயக்கனூர், தேவாரம், சின்னமனூர் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் பிளெக்ஸ் தட்டிகள் எழும்பிவிடும். கபடி, வாலிபால், டென்னிஸ் பந்து கிரிக்கெட். முதல் பரிசு வழங்குபவர் படம், சுழற்கோப்பை வழங்குபவர் படம், கீழே நுழைவுக் கட்டணம். சனிக்கிழமை மாலை விளக்குப் போட்டு ஆரம்பித்தால் ஞாயிறு நள்ளிரவுக்குள் பரிசு கொடுத்து முடித்துவிடுவார்கள். எல்லாமே நாக் அவுட். முப்பத்திரண்டு அணி பெயர் கொடுத்தால் அதில் பதினாறு அணி ஒரே ஆட்டத்தோடு வண்டி ஏறிவிடும். குரங்கணியிலிருந்தோ முந்தலிலிருந்தோ ஜீப்புக்குப் பணம் பிரித்து வந்த பையன்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் அந்த ஊர்ப் போட்டி. பள்ளிக்கூடத்திலும் இதே நிலைதான். குறுவட்டப் போட்டியில் முதல் நாளே தோற்ற பள்ளிக்கு அந்த ஆட்டத்தில் அடுத்த கல்வியாண்டு வரை வேலை இல்லை.

இதை நம் ஊர் வழக்கம் என்று விட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம். சரியாக இதே சிக்கலில் மாட்டி, அதிலிருந்து வெளியே வந்த ஓர் ஆட்டத்தின் கதை நமக்கு உதவும். அது நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஐஸ் ஹாக்கி.

கனடாவின் மான்ட்ரியலில் 1886 டிசம்பரில் அமெச்சூர் ஹாக்கிச் சங்கம் உருவானது. வேலைக்கும் கல்லூரிக்கும் போய்விட்டு மாலையில் ஆடியவர்களின் சங்கம். உறைந்த நீர்தான் களம் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஆட்டக் காலம். சாம்பியனைத் தேர்ந்தெடுக்க அவர்கள் பெரும்பாலும் வைத்திருந்த முறை சவால் முறை. பட்டம் ஒரு அணியிடம் இருக்கும். இன்னொரு அணி சவால் விட்டு வந்து ஜெயித்தால் பட்டம் கைமாறும். பனி உருகும்போது பட்டம் யாரிடம் இருக்கிறதோ அவரே அந்த ஆண்டின் சாம்பியன்.

1892இல் இந்த முறையின் கோளாறு பட்டவர்த்தனமாக வெளிப்பட்டது. ஒட்டாவா அணி ஜனவரியில் பட்டத்தைப் பிடித்து, வந்த சவால்களை எல்லாம் முறியடித்துக்கொண்டே போனது. மார்ச் 7 அன்று மான்ட்ரியலிடம் 0-1 என்று ஓர் ஆட்டத்தில் தோற்றது. அத்தோடு ஆட்டக் காலம் முடிந்தது, பட்டமும் போனது. குளிர்காலம் முழுக்க ஜெயித்த அணி வெறும் கையோடு நின்றது. பதினொரு நாள் கழித்து ஒட்டாவாவில் நடந்த விருந்தில் கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபுவின் கடிதம் வாசிக்கப்பட்டது. ஒரு கோப்பை தருகிறேன், முறையான விதிகளோடு ஆடுங்கள் என்பது அதன் சாரம். பத்து கினிக்கு வாங்கிய வெள்ளிக் கிண்ணம் அது. அதுதான் இன்றைய ஸ்டான்லி கோப்பை. அவர் 1893இல் பதவி முடிந்து இங்கிலாந்து திரும்பிவிட்டார். தன் பெயர் தாங்கிய கோப்பைக்காக நடந்த ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

கோப்பையின் புகழில் அதைவிடப் பெரிய ஒரு மாற்றம் மறைந்துபோனது. 1893 குளிர்காலத்தில் சங்கம் சவால் முறையைக் கைவிட்டு அட்டவணைக்கு வந்தது. மான்ட்ரியலின் மூன்று அணிகள், ஒட்டாவா, கியூபெக் என ஐந்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற நான்கோடும் இரண்டு முறை மோத வேண்டும். ஆளுக்கு எட்டு ஆட்டம். ஊர்ப்பெயரையே தாங்கிய மான்ட்ரியல் அணி ஏழில் வென்றது, ஒட்டாவா ஆறில். ஒட்டாவாவுக்கு மறுபடியும் பட்டம் இல்லை. ஆனால் இம்முறை அதைத் தீர்மானித்தது ஒரு மார்ச் மாலையின் அதிர்ஷ்டம் அல்ல, எட்டு ஆட்டங்களின் கணக்கு. அடுத்த ஆண்டு அட்டவணை இன்னும் சுவையான சிக்கலைத் தந்தது: நான்கு அணிகள் ஐந்து வெற்றி, மூன்று தோல்வி என்று சமமாக நின்றன. கூடுதல் ஆட்டம் வைத்துத்தான் முடிவு கண்டார்கள். மூன்று முறை தோற்ற அணியும் கடைசி வாரம் வரை பட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது என்பதை நம் ஊர் விழாக் குழுக்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நம் போட்டிகளில் மூன்று முறை தோற்க யாருக்குமே வாய்ப்பு கிடைப்பதில்லை.

லீக் அட்டவணைக்கு வந்த பிறகும் ஸ்டான்லி கோப்பை மட்டும் பல ஆண்டுகள் சவால் முறையிலேயே தொடர்ந்தது. அதன் உச்சம் 1905. வடமேற்குக் கோடியில் தங்கம் தோண்டும் ஊரான டாசனிலிருந்து ஓர் அணி நடந்தும், கப்பலிலும், ரயிலிலுமாகச் சுமார் 6,400 கி.மீ. கடந்து ஒட்டாவா வந்தது. வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல். ஆடியது இரண்டே ஆட்டம். முதலாவதில் 2-9, இரண்டாவதில் 2-23. இரண்டாவது ஆட்டத்தில் ஒட்டாவாவின் ஃபிராங்க் மெக்கீ தனியாளாக 14 கோல் அடித்தார். ஒரு கண்ணில் பார்வை இழந்தவர் அவர். இந்தக் கதையை வீரச் செயலாகவே சொல்வார்கள். எனக்கு அதில் ஓர் அநியாயம் தெரிகிறது. நல்ல அணிகளோடு வாராவாரம் ஆடிப் பழகியவர்கள் ஒரு பக்கம், தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தவர்கள் மறுபக்கம். அந்த இடைவெளியைத் துணிச்சல் எப்படி நிரப்பும்? மலையிலிருந்து இறங்கிவந்து முதல் சுற்றிலேயே நொறுங்கிப்போகும் நம் பையன்களிடமும் குறைவது திறமை அல்ல, ஆட்டங்களின் எண்ணிக்கை.

தூரத்துக் கதை வேண்டாம் என்றால் லடாக்கைப் பார்க்கலாம். இந்தியாவில் ஐஸ் ஹாக்கி வேர் பிடித்த இடம் அது. 1970கள் தொட்டு ராணுவத்தினரும் லே நகர இளைஞர்களும் உறைந்த குளங்களில் ஆடிவந்தார்கள். அங்கும் ஆட்டக் காலம் இரண்டு மாதத்தைத் தாண்டாது. பெண்கள் அணி 2016இல் முதன்முறையாகச் சர்வதேசப் போட்டிக்குப் போனபோது பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் போனது. 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது அவர்களின் முதல் வெற்றி. 2024 ஜனவரியில் லேயில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவுக்கும் மன்ற அணிகளின் லீக் தொடங்கியது. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்னில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள். லீக்கினால்தான் பதக்கம் என்று நான் முடிச்சுப் போடவில்லை. அதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் இரண்டு மாதப் பனியை வைத்துக்கொண்டு லீக் நடத்த முடிகிறதே! நமக்கு பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த தரை கிடக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. சென்னைக் கிரிக்கெட்டின் பலம் அதன் டிவிஷன் லீக். கீழ் டிவிஷன் மன்றத்தில் ஆடும் எழுத்தருக்கும் மாணவருக்கும் அங்கே வாராவாரம் ஆட்டம் உண்டு. முதல் டிவிஷன் பரிசின் பெயர் பாளையம்பட்டி ராஜா கேடயம். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஜமீன் பெயர் கேடயத்தில் இருக்க, லீக் தலைநகரில் இருக்கிறது. கோவில்பட்டியோ வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. தினப்பயிற்சி தரும் விடுதி, லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி, செயற்கைப் புல்தரை எல்லாம் சேர்ந்து அந்தத் தீப்பெட்டி ஊரை ஹாக்கி ஊராக்கின. அங்கே பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். நம் பக்கத்துப் பெரியகுளத்தில் ஆண்டுதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. நாட்டின் சிறந்த அணிகள் ஒரு சிறு நகரத்துக்கு வருவது பெருமைதான். பார்ப்பதற்கு அது போதும். நம் பிள்ளைகள் ஆடுவதற்கு வேறொன்று வேண்டும்.

ஆகவே என் யோசனை: போடியை நடுவாக வைத்து மலையும் அடிவாரமும் சேர்ந்த ஒரு லீக். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு ஆடியை ஒட்டித் தொடங்கித் தை வரை சுற்றுச் சுற்றாக ஓடும். அந்த மாதங்களில் விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களிடம் ஆட்டம் கேட்க முடியாது, மழையும் விடாது. பிப்ரவரியில் கை ஓயும். அதுதான் நம் ஆட்டக் காலம். எட்டு அணிகள், ஆளுக்கு ஏழு ஆட்டம், ஞாயிறுதோறும் இரண்டு மைதானம். ஒரு சுற்று முடிய ஏழு வாரம். அட்டவணை போட்டு அதன்படி நடப்பது இந்த ஊருக்குத் தெரியாத வித்தை இல்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கே நாள் தவறாமல் முறை வைத்து நடக்கிறது. மலைச்சரக்கு அந்த நாள்காட்டியைப் பார்த்துத்தான் இறங்குகிறது.

எந்த ஆட்டம்? மலையில் சமதரை குறைவு. வாலிபாலுக்குப் பள்ளி வளாகம் போதும், அதிலிருந்து தொடங்கலாம். எனக்கு ஹாக்கி மேல் ஒரு கண் உண்டு. 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பையின் ஆட்டங்கள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தன. 24 நாடுகள் வந்தன, இந்தியா வெண்கலம் வென்றது. அகலப்பாதைப் பணிக்காக 2010இல் நின்று 2023இல் போடிக்குத் திரும்பிவந்த ரயிலில் ஏறினால் மதுரை பக்கம்தான். முழு மைதானம் இல்லையே என்பவர்களுக்கு ஐவர் ஹாக்கி இருக்கிறது. 2024இல் ஓமனில் அதற்கு உலகக் கோப்பையே நடந்தது. ஐஸ் ஹாக்கியையே 1875இல் மான்ட்ரியல் அரங்கில் அணிக்கு ஒன்பது பேராக ஆடியவர்கள் பின்னர் ஏழாகக் குறைத்துக்கொண்டார்கள். கிடைத்த தரைக்கு ஏற்றபடி ஆட்டத்தை வெட்டிக்கொள்வதில் இழுக்கு ஒன்றுமில்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். வெளியூர் ஆட்டக்காரர்களை இழுக்கும் ரொக்கப் பரிசில் ஒரு பங்கை அணிகளின் ஜீப் வாடகைக்குத் திருப்பினாலே பெரும்பகுதி தீரும். பந்து, வலை போன்றவற்றுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவற்றைப் பூட்டி வைக்காமல் களத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

வெளியாட்களை இறக்கும் விவகாரத்தை நேர்மையாகப் பேசியாக வேண்டும். உள்ளூர் அணியின் சட்டையில் வேறு மாவட்டத்து ஆட்டக்காரர் இறங்குவதும், கைமாறும் பணம் பற்றி யாரும் வாய் திறக்காததும் எல்லோரும் அறிந்ததே. கனடாவின் அமெச்சூர் ஹாக்கியும் இதே மறைவில் பல ஆண்டு தவித்தது. 1906இல் கிழக்கு கனடா சங்கம் ஒரு முடிவெடுத்தது: பணம் வாங்கி ஆடலாம், ஆனால் யார் தொழில்முறை, யார் அமெச்சூர் என்று பத்திரிகையில் பெயர் வெளியிட வேண்டும். பணம் வாங்குவது குற்றமில்லை. ஒரு ஏழைப் பையன் தன் கால் பலத்தில் சம்பாதிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மறைப்பதுதான் ஆட்டத்தைக் கெடுக்கிறது. உள்ளூர்ப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தே வயதாகிறான். அணிக்கு இரண்டு வெளியாட்கள் வரை, பெயர் பலகையில் எழுதி, என்று விதி வைத்தால் போதும்.

பெண்களுக்கு முதல் ஆண்டிலேயே தனி லீக் வேண்டும், ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லாமல். ஏலத்தோட்ட வேலையின் பெரும்பாரம் பெண்கள் தோளில். அவர்களின் மகள்கள் பள்ளியில் நன்றாக ஆடுகிறார்கள். பள்ளி முடிந்ததும் அவர்களுக்கு ஆட இடமே இல்லை. ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் அதே மைதானத்தில், அதே ஜீப்பில் வந்து, ஞாயிறு காலையில் அவர்கள் ஆடட்டும். இருட்டுமுன் வீடு திரும்ப வண்டி ஏற்பாடு லீக்கின் பொறுப்பு.

மார்ச்சில் பொதுத்தேர்வு வரும். அதற்கு மூன்று ஞாயிறு இடைவெளி விட்டுவிடலாம். வீரபாண்டித் திருவிழா வாரத்திலும் ஆட்டம் வேண்டாம், யாரும் வர மாட்டார்கள். இவற்றையெல்லாம் கழித்தாலும் மே முடிவதற்குள் ஏழு வார ஆட்டங்களும் தாராளமாக முடியும். அட்டவணை பொங்கலுக்கு முன்பே அச்சாகி ஜீப் ஸ்டாண்டிலும் பள்ளி வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். முதல் ஞாயிறு தோற்கும் அணி, அடுத்த ஞாயிறு யாரோடு, எந்த மைதானத்தில், எத்தனை மணிக்கு என்று அதில் பார்த்துக்கொள்ளும்.