வலியைக் கண்டு முடங்குவதா?

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். இளமையில் அவற்றைச் சிரமமின்றி ஏறியவர்கள் பலர், இன்று வீட்டு வாசற்படி இறங்கவே கதவைப் பிடித்துக்கொள்கிறார்கள். "வயதானால் வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டார் ஒதுங்கிவிடுகின்றனர். முதியவரோ டாக்டர் சீட்டு இல்லாமலேயே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். இரண்டும் தவறு.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்று மருத்துவ உலகம் தனியே வகுத்துள்ளது. மூட்டுத் தேய்மானம், இடுப்பு வலி, நீரிழிவினால் வரும் கால் எரிச்சல் ஆகியவை பெரும்பாலும் இவ்வகையே. இவற்றை அடியோடு போக்கும் மாத்திரை இல்லை. டைக்ளோபெனாக் போன்றவற்றை மாதக்கணக்கில் தின்றால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லாரிக் என்பவர், மூட்டு நோயாளிகள் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளும் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். டாக்டர்கள் அல்லாதவர்களே அதை நடத்தினர். பயின்றவர்களை நான்கு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட முடிவில், வலி சராசரியாக 20 சதவீதமும், டாக்டரை நாடுவது 40 சதவீதமும் குறைந்திருந்தன. நோய் நீங்கிவிடவில்லை, ஆனால் அதன் பிடி தளர்ந்தது.

வழி எளியது. வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் படுக்கையில் விழக்கூடாது. தினமும் அளவாக நடக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கினால் தொடைத் தசை வலுப்பெறும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் ஊன்றுகோல் பிடிக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காய்ச்சல், காரணமற்ற மெலிவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை சேர்ந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் செல்ல வேண்டும்.

முதியவரைத் தனியே விட்டுவிடுவதற்கு இது சாக்காகிவிடக்கூடாது. 2010-11-ல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாராந்தர முதியோர் சிகிச்சைக்கு வகை செய்துள்ளது. அந்த நாளில் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இப்பயிற்சியையும் அளிக்கலாம். எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற திருப்பதி 'பர்ட்' மருத்துவமனை வழிகாட்டலாம். தெலுங்கு பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தமிழ் முதியோருக்குத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் அவசியம். நமது சங்கங்களும் மாதம் ஒரு நாள் இதற்கென ஒதுக்கட்டும்.

குடும்பத்தைச் சுமந்த தோள்களும் கால்களும் இவை. அவற்றின் வலியைக் கேட்க ஒரு செவியாவது வேண்டாமா?