நாலாவது நகர்த்தலிலேயே குதிரை பலி!

போன வாரம் கூக்காலில், பனிக்குப் பயந்து அடுப்போரம் ஒதுங்கிய நேரத்தில், ஒரு மாமாவும் மருமகனும் செஸ் ஆடுவதைப் பார்த்தேன். இருவருமே கிளப்பில் ஆடிப் பழகியவர்கள். நாலாவது நகர்த்தலில் மருமகன் தன் குதிரையால், மாமாவின் ராஜாவை ஒட்டி நின்ற சிப்பாயை வெட்டினான்.

"டேய், குதிரை சும்மா போகுதுடா!" என்றார் மாமா.

"எடுத்துக்கங்க மாமா."

ராஜாவால் வெட்டினார். உடனே பிஷப் வந்து 'செக்' சொன்னது. மாமாவின் சிரிப்பு நின்றது.

நீங்களும் போர்டில் வைத்துப் பாருங்கள். இருவரும் ராஜா முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறார்கள். வெள்ளை, குதிரையை இறக்கி அந்தச் சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்பும் பதிலுக்குக் குதிரையை இறக்கினால் அது பெட்ரோவ் டிஃபென்ஸ். வெள்ளைக் குதிரை சிப்பாயை வெட்டும். கறுப்பு, ராணிச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அதை விரட்டும். எல்லோரும் பின்வாங்கும் இடம் இது. மருமகன் பின்வாங்கவில்லை, அவ்வளவுதான்.

மாமா செக்குக்குக் குறுக்கே தன் பிஷப்பை வைத்தார். பிஷப்புகள் வெட்டுப்பட்டு, அவருடைய ராஜா போர்டின் நடுவுக்கே வந்துவிட்டது. பிறகு ஆட்டம் முழுக்க ஓட்டம்தான், தோற்றார். ராணிச் சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளி பிஷப்பின் வழியை அடைத்திருக்கலாம். அந்தச் சிப்பாய் போனாலும் போகட்டும், குதிரை லாபம் கையில் இருக்கிறதே!

இதன் பெயர் காக்ரேன் கேம்பிட். 1848-ல் கல்கத்தாவில், ஸ்காட்லாந்து வக்கீல் ஜான் காக்ரேன், மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளிக்கு எதிராக ஆடியது. பானர்ஜி நம் நாட்டு விதிப்படி ஆடி வளர்ந்தவர். அதில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான். அதனால் நிதானமாக, பிஷப்பை ஓரமாக வைத்துத் தொடங்குவார். 'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். காக்ரேனுக்குச் சொந்தப் பெயர் நிலைத்தது, பானர்ஜிக்கு நாட்டின் பெயர் மட்டும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

குதிரைக்கு இரண்டு சிப்பாய் என்பது கணக்குப்படி நஷ்டம். ஆனாலும் 1999-ல் லினாரெஸ் போட்டியில் கிராம்னிக்குக்கு எதிராகவே டோபலோவ் இதை ஆடி டிரா செய்தார். அவர் பிஷப்பால் அவசரமாக செக் வைக்கவில்லை. ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி முதலில் நடுவைப் பிடித்தார். ஆடிப் பார்ப்பதானால் அந்த வழியே மேல்.