மாணவரிடம் கற்ற ஆசான்



அமெரிக்கக் கால்பந்தாட்டம் நம் சிறுவர் ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிர்ப்போரை மோதித் தள்ளி முன்னேறும் முரட்டு ஆட்டம் அது. அதில் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஒருவரின் வாழ்வை இம்மாதம் சிந்திப்போம்.

நூட் ராக்னி 1888-இல் நார்வே நாட்டில் பிறந்தவர், லூத்தரன் சபையினர். ஐந்து வயதில் குடும்பத்தோடு சிகாகோவில் குடியேறினார். தபால் நிலையத்தில் சில ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்து, 1910-இல், தம் 22-ஆம் வயதில், திருச்சிலுவைச் சபைக் குருக்கள் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் மாணவரானார். 1913-இல் வலிமைமிக்க இராணுவக் கல்லூரி அணியை இவரது அணி 35-13 என வென்றது. பந்தை முன்னோக்கித் தொலைவில் எறிந்து ஓடிப் பிடிக்கும் உத்தியே அவ்வெற்றிக்குக் காரணம்.

பட்டம் பெற்றபின் அங்கேயே வேதியியல் கற்பித்துக்கொண்டு துணைப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். 1918-இல் தலைமைப் பொறுப்பேற்றார். 13 ஆண்டுகளில் அவர் கண்ட வெற்றிகள் 105. தோல்விகள் 12 மட்டுமே. ஐந்து ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன.

குருக்கள் நடுவே வாழ்ந்த அவர் மறையுரைகள் எத்தனையோ கேட்டிருப்பார். ஆயினும் தம் உள்ளத்தை அசைத்தது வேறொன்று என அவரே கூறியுள்ளார். வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும்போது, அவருடைய மாணவர்கள் உறக்கத்தை விட்டு விடியுமுன் எழுந்து திருப்பலிக்குச் செல்வார்கள். அந்நாளில் நற்கருணை உட்கொள்வோர் நள்ளிரவு முதல் நீரும் அருந்தலாகாது. அன்று களத்தில் மோத வேண்டிய இளைஞர்கள் வெறும் வயிற்றோடு பலிபீடத்தை நாடியதை ஆசான் கண்டார். 1925 நவம்பர் 20-ஆம் நாள், பல்கலைக்கழக வளாகத்து மரக்கட்டைச் சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆறாண்டுகள் நிறைவுறுமுன்னே, 1931 மார்ச் 31, பரிசுத்த வாரத்துச் செவ்வாயன்று, கான்சாஸ் மாநிலத்தில் நேர்ந்த விமான விபத்தில் 43-ஆம் வயதில் மாண்டார். பரிசுத்த சனியன்று அவரது அடக்கச் சடங்கு நடைபெற்றது.

ஞாயிறுதோறும் மனைவி மக்களை ஆலயத்தினுள் அனுப்பிவிட்டு, வெளியே வேப்பமர நிழலில் உரையாடி நிற்கும் தந்தையர் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் கடிந்தும் இருக்கிறேன், பயன் சிறிதே. ஆதலின் இம்முறை பிள்ளைகளிடமே கேட்கிறேன்: குழந்தைகளே, நாளைக் காலை நீங்கள் எழுந்து செபிக்கும்போது, தந்தையை எழுப்ப வேண்டாம், குறைகூறவும் வேண்டாம். அவர் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.