தொடுமுகத்திற்குத் தமிழில் ஒரு சொல் எதற்கு?

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார், இயந்திரப் பொறியியல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அன்று முதல் நடைபெறும் விவாதம் பெரும்பாலும் கலைச்சொற்களின் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. ஒரு சொல், தான் குறிக்கும் செயலை மாணவருக்குக் காட்டுகிறதா என்பதே அதனினும் முதன்மையான கேள்வி.

எடுத்துக்காட்டாக, கணினி உருவகப்படுத்தலில் ஒரு பெரிய தகட்டின்மேல் சிறிய பாகம் ஒன்று அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் 'மெஷ்' எனும் வலையாகப் பகுக்குமுன், சிறிய பாகத்தின் விளிம்பைத் தகட்டின்மேல் கோடாகப் பதித்துத் தொடும் பகுதியைத் தனி முகமாகப் பிரிப்பது வழக்கம். மென்பொருள்கள் இதனை 'இம்ப்ரிண்ட்' என்கின்றன. அம்முகத்தை இரு பாகங்களும் பொதுவாகக் கொண்டால், வலையின் கணுக்கள் அங்கே ஒன்றாகும். விசை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நேரே கடக்கும். ஆயின், வழுக்கவோ விலகவோ வேண்டிய பாகங்களுக்கும் கணுக்களைப் பொதுவாக்கினால், அவை ஒட்டிப்போன ஒரே பொருளாகிவிடும். உராய்வும் இடைவெளியும் கணக்கிலிருந்து மறையும். மென்பொருள் பிழை எதுவும் சொல்லாமல் போகலாம். தகைவைக் காட்டும் வண்ணப்படமும் அழகாகவே வரும். விடை மட்டும் தவறாக இருக்கும்.

இந்த வேறுபாடு தமிழ் உழைப்பாளர்களுக்குப் புதிதன்று. மும்பை தாராவியின் தோல் தொழிலில் திருநெல்வேலிச் சீமைத் தமிழர்களுக்கு நெடிய பங்குண்டு. தோல்பை செய்பவர், பையின் உடல்தோலில் சிறுபை அமரும் இடத்தை முதலில் கோடிட்டுக்கொள்வார். ஒட்டவேண்டிய பரப்பைச் சொரசொரப்பாக்கிப் பசை தடவுவார். திறந்து மூடவேண்டிய மடிப்பில் பசை படாமல் காப்பார். எங்கே ஒட்டுவது, எங்கே ஒட்டாமல் விடுவது என்ற முடிவு தையலுக்கு முன்பே எடுக்கப்படுகிறது. வலை பகுப்பிற்கு முன் பொறியாளர் எடுப்பதும் அதே முடிவுதான்.

மென்பொருளின் பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருக்கையில் தமிழ்ச்சொல் எதற்கு என்று கேட்பார் உண்டு. பொத்தான்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அவற்றை எப்போது அழுத்தக்கூடாது என்பதை விளக்கும் மொழி மாணவருக்கு நெருக்கமானதாக இருக்கவேண்டும். விளிம்பைப் பதிப்பது 'பதிகோடு'. கணுக்கள் ஒன்றாவது 'பொதுமுகம்'. தனித்தனியே நின்று தொடுவது 'தொடுமுகம்'. இம்மூன்றையும் ஒருவர் பிரித்துச் சொல்ல முடிந்தால், அவர் கணக்கைப் புரிந்துகொண்டார் எனலாம். 'இம்ப்ரிண்ட்' என்பதை ஒலிபெயர்த்து மனப்பாடம் செய்வதால் அந்தத் தெளிவு வாராது.

கலைச்சொல்லாக்கக் குழுக்கள் அகராதிகளோடு பட்டறைகளையும் நாடவேண்டும். சொல்லை மொழிபெயர்ப்பதற்கு முன் செயலைப் பார்த்தறிவதே முறை.